தண்ணீர் ஓடும்போது தூண்டில் போடு: சென்னைக் கரைக்கான ஓத வழிகாட்டி

பட்டினப்பாக்கத்துக்குத் தெற்கே, அடையாறு கடலில் சேரும் இடத்தில் என் முதல் நான்கு மாதங்கள் வெறுங்கையோடு கழிந்தன. கோல் நல்லது, ரீல் நல்லது, இரை காசிமேட்டில் விடியற்காலையில் வாங்கிய இறால். மீன் மட்டும் வரவில்லை. எனக்குப் பத்தடி தள்ளி, நைலான் நரம்பைப் பிளாஸ்டிக் பாட்டிலில் சுற்றிக்கொண்டு ஒரு பெரியவர் வருவார். வந்ததும் தூண்டில் போட மாட்டார். மடியிலிருந்து வேர்க்கடலையை எடுத்து உடைப்பார். பருப்பு வாய்க்கு, தோல் தண்ணீருக்கு. அந்தத் தோல் எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்த்துக்கொண்டே மெல்லுவார். சில நாள் வந்த கையோடு நரம்பை வீசுவார். சில நாள் மணலில் உட்கார்ந்தே இருப்பார்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேன். "தண்ணீர் நிற்கிறது தம்பி. போய் ஒரு டீ குடித்துவிட்டு வா" என்றார். நாற்பது நிமிடம் கழித்து நான் திரும்பியபோது அவருடைய பையில் இரண்டு கிழங்கானும், முழங்கை நீளத்தில் ஒரு கொடுவாவும் கிடந்தன. நான் டீ குடித்த நேரத்தில் அவர் இரையை மாற்றவில்லை, இடத்தை மாற்றவில்லை. தண்ணீர் மட்டும் நகரத் தொடங்கியிருந்தது.

இந்த வழிகாட்டி முழுவதும் அந்தக் கடலைத்தோலைப் பற்றியதுதான். கடல்நீர் நாள்தோறும் ஏறி வற்றுவதுதான் ஓதம். ஓத அட்டவணை தண்ணீரின் உயரத்தைச் சொல்லும். மீன் பார்ப்பது உயரத்தை அல்ல, ஓட்டத்தை. இரண்டுக்கும் தொடர்பு உண்டு. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. சென்னைக் கரையில் இந்த வேறுபாடு மற்ற இடங்களைவிடப் பெரிதாக வேலை செய்கிறது.

முதலில் நம் கடலின் அளவைத் தெரிந்துகொள்ளுங்கள்

குஜராத்தின் காம்பே வளைகுடாவில் ஓதம் எட்டு, பத்து மீட்டர் ஏறி இறங்கும். சென்னையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஓதத்தின்போதுகூட ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். அரைநிலா நாட்களில் அது 40 சென்டிமீட்டர் அளவுக்குச் சுருங்கிவிடும். ஆகவே மெரினாவில் நின்றுகொண்டு "இப்போது ஏற்றமா வற்றமா" என்று வெறும் கண்ணால் சொல்வது கடினம். அலையின் ஏற்ற இறக்கமே அதைவிடப் பெரிது. வெளிநாட்டுக் காணொளிகளில் கடல் அரைக் கிலோமீட்டர் உள்வாங்குவதைப் பார்த்துவிட்டு அதே பாடத்தை பெசன்ட் நகரில் போடப் போகிறவர்கள் ஏமாறுவது இதனால்தான்.

ஆனால் அதே ஒரு மீட்டர் தண்ணீர் எண்ணூர் முகத்துவாரம் போன்ற குறுகலான வாய்க்குள் நுழையும்போது கதை வேறு. உள்ளே பரந்து கிடக்கும் உப்பங்கழி முழுவதையும் நிரப்ப வேண்டிய தண்ணீர் அந்தச் சிறு வாய் வழியாகத்தான் போக வேண்டும். அதனால் அங்கே ஆற்று வெள்ளம்போல ஓடும். சென்னையில் ஓதத்தின் பலன் திறந்த கடற்கரையில் குறைவு. தண்ணீர் நெரிபடும் இடங்களில் அதிகம்.

காலண்டரைக் கிழிப்பதற்கு முன்னால் திதியைப் பாருங்கள்

இங்கே நாளொன்றுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே 12 மணி 25 நிமிடம். ஆகவே இன்று எட்டே முக்காலுக்கு ஏறிய தண்ணீர் நாளை ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளித்தான் ஏறும். காரணம், பூமி ஒரு சுற்றுச் சுற்றி முடிப்பதற்குள் நிலாவும் தன் பாதையில் சற்று நகர்ந்துவிடுகிறது. அதை எட்டிப் பிடிக்க அந்த 50 நிமிடம். சூரியனும் நிலாவும் ஒரே கோட்டில் நின்று இழுக்கும் அமாவாசை, பௌர்ணமியில் ஓதம் பெரிது. செங்கோணத்தில் நின்று ஆளுக்கொரு பக்கம் இழுக்கும் அஷ்டமியை ஒட்டிய நாட்களில் சிறிது. உச்ச ஓதம் பெரும்பாலும் அமாவாசையன்றே வராது. ஒன்றிரண்டு நாள் தள்ளி வரும். இதற்குமேல் வானியல் தூண்டில்காரருக்குத் தேவையில்லை.

நம் வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டர் ஓர் ஓத அட்டவணை என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. சென்னையில் அமாவாசை, பௌர்ணமி நாட்களில் காலை ஏற்றம் எட்டரையிலிருந்து ஒன்பதரைக்குள் உச்சத்துக்கு வரும். கணக்குக்கு 8.45 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு ஒவ்வொரு திதிக்கும் 49 நிமிடம் கூட்டுங்கள். பஞ்சமி என்றால் ஐந்து திதி, நான்கு மணி ஐந்து நிமிடம், ஏற்றம் 12.50. அதிலிருந்து ஆறேகால் மணி முன்னே போனால் காலை வற்றம், ஏறத்தாழ 6.35. தேய்பிறையாக இருந்தாலும் வளர்பிறையாக இருந்தாலும் கணக்கு ஒன்றுதான்.

இது மனக்கணக்கு மட்டுமே. நடுத் திதிகளில் ஒரு மணி நேரம்வரை பிசகலாம். சரியான நேரம் வேண்டுமென்றால் இந்திய நில அளவைத் துறை ஆண்டுதோறும் வெளியிடும் ஓத அட்டவணையில் சென்னைத் துறைமுகத்துக்கான பக்கம் இருக்கிறது. கைப்பேசிச் செயலிகளும் இருக்கின்றன. செயலி வைத்திருப்பவர்களும் திதிக் கணக்கைப் பழகிக்கொள்ள வேண்டும் என்பது என் கட்சி. எண்ணை வாசிப்பவருக்கு அன்றைய நேரம் மட்டும் தெரியும். திதியைப் பின்தொடர்பவருக்கு அடுத்த இரண்டு வாரத்தின் போக்கு தெரியும்.

நடு இரண்டு மணி நேரம்

வற்றத்திலிருந்து ஏற்றத்துக்குத் தண்ணீர் ஒரே சீராக ஏறாது. ஆறு மணி நேரத்தைப் பிரித்துப் பார்த்தால் முதல் மணியில் மொத்த ஏற்றத்தின் பன்னிரண்டில் ஒரு பங்கு, இரண்டாவதில் இரண்டு பங்கு, மூன்றாவதிலும் நான்காவதிலும் மூன்று மூன்று பங்கு, ஐந்தாவதில் இரண்டு, ஆறாவதில் ஒன்று. மாலுமிகளின் பழைய கணக்கு இது. ஒரு மீட்டர் ஓதத்துக்கு இதைப் போட்டால் முதல் மணியில் 8 சென்டிமீட்டர், நடு மணிகளில் தலா 25 சென்டிமீட்டர். அரைநிலா நாளின் 40 சென்டிமீட்டர் ஓதத்துக்குப் போட்டால் நடு மணியில்கூடப் பத்துதான். அமாவாசைக்கு மறுநாளின் மந்தமான நேரமும் அஷ்டமியின் சுறுசுறுப்பான நேரமும் கிட்டத்தட்ட ஒன்று.

மீன் ஏன் இதற்குக் காத்திருக்கிறது? ஓடும் தண்ணீர் சிறு இறால், நண்டுக்குஞ்சு, புழு, நெத்திலிக் கூட்டம் எல்லாவற்றையும் இடம்பெயர்க்கிறது. பெரிய மீன் கல்லின் மறைவிலோ பள்ளத்தின் விளிம்பிலோ முகத்தை ஓட்டத்துக்கு எதிராக வைத்து நிற்கும். உணவு தானே வரும். தண்ணீர் நின்றுவிட்டால் இரை கலைந்துபோகிறது, வேட்டையாடுவதற்கு உடம்பு செலவாகிறது, மீன் சும்மா இருந்துவிடுகிறது. கல்யாணப் பந்தியில் பரிமாறுபவர் நின்றுவிட்டால் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர் என்ன செய்வாரோ அதேதான்.

இப்போது இரண்டு கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். சென்னைக்குக் கிடைத்திருக்கும் வரம் தெரியும். பௌர்ணமிக்கு அடுத்த பிரதமையன்று விடியற்காலை வற்றம் ஏறத்தாழ 3.20, ஏற்றம் 9.35. நடு இரண்டு மணி நேரம் 5.25 முதல் 7.30 வரை. அதாவது சூரியன் உதிக்கும் நேரமும், பெரிய ஓதம் வேகமாக ஏறும் நேரமும், நிலக்காற்றில் கடல் தட்டையாகக் கிடக்கும் நேரமும் ஒன்றாகச் சேர்கின்றன. மாலையிலும் அப்படியே: வற்றம் 3.45 வாக்கில், ஓட்டம் அந்தியில். நிலா மறையும் நாளிலும் நிறையும் நாளிலும் மீன் படும் என்று நம் கரையில் சொல்வதற்கு இந்த நேரப் பொருத்தமே பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

எதிர்ப்பக்கத்தில் துவாதசி இருக்கிறது. அன்று ஏற்றம் காலை ஆறு மணியை ஒட்டி வந்துவிடும். விடியலில் தண்ணீர் நிற்கும். அலாரம் வைத்து எழுந்து, வண்டியை எடுத்துப் போய், ஏரித் தண்ணீர்போல அசையாமல் கிடக்கும் கழியைப் பார்த்துக்கொண்டு நிற்பீர்கள். அன்று எட்டு மணிக்குப் போவதே மேல். ஏகாதசிக்கும் ஏறத்தாழ இதே கதை என்பதால், விரதம் இருப்பவர்களுக்கு இழப்பு ஒன்றுமில்லை.

கழிமுகம்: ஓதம் நேராகப் பேசும் இடம்

சென்னையைச் சுற்றி நான்கைந்து வாய்கள் உண்டு. வடக்கே பழவேற்காடு, அடுத்து எண்ணூர், நகருக்குள் கூவமும் அடையாறும், தெற்கே முட்டுக்காடு. கூவத்தைத் தூண்டில் கணக்கில் சேர்க்க வேண்டாம். அடையாற்றில் பழகிக்கொள்ளலாம், பிடித்ததைத் திரும்ப விட்டுவிடுவதுதான் என் வழக்கம். எண்ணூரில் மிக்ஜாம் புயலை அடுத்து 2023 டிசம்பரில் கழி முழுக்க எண்ணெய் பரவியதை ஊரே பார்த்தது. அங்கே பிடித்ததைச் சமைப்பதற்கு முன்னால் தண்ணீரின் நிறத்தையும் வாடையையும் கவனியுங்கள், நான் சமைப்பதில்லை.

கழிமுகத்துக்குப் போனால் முதலில் பார்க்க வேண்டியது வாய் திறந்திருக்கிறதா என்பது. கோடையில் ஆற்று நீர் குறைந்ததும் அலை கொண்டுவரும் மணல் குறுக்கே திட்டாகக் கட்டிவிடும். வாய் மூடிக்கிடந்தால் உள்ளே ஓதமே கிடையாது. அட்டவணையை மடித்து வைத்துவிடலாம். வடகிழக்குப் பருவமழையில் ஆறு பெருகித் திட்டை உடைத்ததும், அல்லது மணலை வெட்டி வாயைத் திறந்ததும், ஓரிரு வாரத்தில் உள்ளே உயிர் திரும்பும்.

இரண்டாவது, தாமதம். கடலில் ஏற்றம் முடிந்த அந்த நிமிடத்தில் வாயில் ஓட்டம் நிற்காது. உள்ளே மட்டம் இன்னும் தாழ்வாக இருப்பதால் தண்ணீர் தொடர்ந்து உள்ளே போய்க்கொண்டிருக்கும். வாய் எவ்வளவு குறுகலோ அவ்வளவு தாமதம். அரை மணி நேரமாகவும் இருக்கும், ஒரு மணிக்கு மேலும் போகும். மணல் நகர்ந்தால் அதே இடத்திலேயே மாறும். இதற்கு அட்டவணை கிடையாது. ஒரு குச்சியை நீரோரத்தில் ஊன்றி, கடலைத்தோலையும் போட்டு, ஓட்டம் திரும்பும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் ஒரு நாற்பது பக்க நோட்டில் திதி, அட்டவணை நேரம், வாயில் தண்ணீர் திரும்பிய நேரம் என்று மூன்று பத்தியாக எழுதி வைத்திருக்கிறேன். கடையில் வாங்கிய எந்தப் பொய் இரையைவிடவும் அந்த நோட்டு எனக்கு அதிக மீன் கொடுத்திருக்கிறது.

உள்ளே போகும் தண்ணீரில் மடவைக் கூட்டமும் இறாலும் சேற்றுத் தரைக்கு மேலே ஏறும். அவற்றைத் துரத்தி கொடுவா கரையோரம் வரும். வெளியேறும் தண்ணீரில் அவை எல்லாம் வாய்க்கு இறங்கியாக வேண்டும். கொடுவா அதற்காக வாயின் ஓரத்தில், பாலத்தூணின் பின்னால், கல்லடுக்கின் நிழலில் காத்திருக்கும். என் அனுபவத்தில் கொடுவாவுக்கு இறங்கும் தண்ணீரின் முதல் பாதி சிறந்தது. உயிர் இறாலையோ விரல் நீள மடவையையோ முதுகில் குத்தி, இரையை அமிழ்த்தும் ஈயக்குண்டை மிகச் சிறிதாகப் போட்டு, ஓட்டத்தின் மேற்புறம் எறிந்து, தண்ணீரே அதைத் தூணுக்கு எடுத்துச் செல்ல விடுங்கள். ஓட்டத்துக்கு எதிராக நீந்தும் இறாலை கொடுவா நம்பாது.

பழவேற்காட்டில் ஒரு மரியாதை உண்டு. வாயை ஒட்டிய இடங்களில் ஓதத்தோடு வரும் இறாலை வலைகட்டிப் பிடிக்கும் உரிமையை அங்குள்ள மீனவர்கள் "பாடு" என்ற முறையில் தங்களுக்குள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்கிறார்கள். எந்த இடம் யாருடைய பாடு என்பது வெளியாருக்குத் தெரியாது. கேட்டுவிட்டுத் தூண்டில் போடுங்கள். கேட்பவருக்கு இடமும் கிடைக்கும், பெரும்பாலும் ஒரு யோசனையும் சேர்ந்து கிடைக்கும்.

கடற்கரை: வற்றத்தில் படி, ஏற்றத்தில் வீசு

திருவான்மியூர், பாலவாக்கம், நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம் என்று நீளும் திறந்த கரையில் ஓதத்தின் வேலை வேறு. அது தண்ணீரை ஓட்டுவதைவிட மீனுக்குக் கதவைத் திறக்கிறது. கரைக்கு இணையாக நீருக்கடியில் ஒரு மணல்மேடு, அதற்கும் கரைக்கும் நடுவே ஒரு பள்ளம் இருக்கும். வற்றத்தில் மேட்டின் மேல் அலை உடைந்து வெள்ளையாகத் தெரியும். பள்ளத்தில் உடையாமல் கருநீலமாக இருக்கும். ஏற்றத்தின் பாதியில் மேட்டின் மேல் தண்ணீர் போதுமான ஆழத்துக்கு வந்ததும் மீன் உள்ளே நுழையும்.

ஆகவே வற்றத்தின்போது ஒருமுறை கரையில் நடந்து பாருங்கள். எங்கே மேடு அறுந்திருக்கிறது, எங்கே பள்ளம் கரையை நெருங்குகிறது என்று பார்த்து, ஏதாவது ஒரு வீட்டுச் சுவரையோ தென்னையையோ அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஏறியதும் எல்லாம் மறைந்து கடல் ஒரே மாதிரி தெரியும். உங்களுக்கு மட்டும் வரைபடம் கையில் இருக்கும். நம் கரை பல இடங்களில் சட்டென்று ஆழமாவதால் நூறு மீட்டர் எறிய வேண்டியதில்லை. கிழங்கான் இருபது, முப்பது மீட்டருக்குள்ளேயே மேயும். புதிதாக வருபவர்கள் அதன் தலைக்கு மேலே எறிந்துகொண்டிருப்பதைப் பார்த்தால் எனக்குக் கை துறுதுறுக்கும். சிறிய தூண்டில் முள், விரல்நுனி அளவுக்கு இறால் துண்டு, பள்ளத்தின் கரைப்பக்க விளிம்பு. அவ்வளவுதான்.

மணல்மேடு அறுந்திருக்கும் இடத்தில், அலையோடு உள்ளே வந்த தண்ணீர் ஒரு வாய்க்காலாகத் திரும்பக் கடலுக்கு ஓடும். மேலே நுரையும் கலங்கலும் கடல்நோக்கி நாக்கு நீட்டியதுபோல் போவதை வைத்து அடையாளம் காணலாம். அதன் இரு ஓரத்திலும் மீன் நிற்கும். பாறை மீனும் காலா மீனும் எனக்குக் கிடைத்தவை பெரும்பாலும் அங்கேதான். ஆனால் மெரினாவிலும் பெசன்ட் நகரிலும் குளிப்பவர்களை இழுத்துச் செல்வதும் இதே இழுப்புதான். கரையில் நின்று எறியுங்கள். முழங்காலுக்கு மேலே இறங்காதீர்கள். சிக்கிக்கொண்டால் எதிர்த்து நீந்தாமல் கரைக்கு இணையாக நீந்தி வெளியே வர வேண்டும். உடன் வரும் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

காற்றும் பருவமும் ஓட்டும் தண்ணீர்

கரையில் கிழக்கு நோக்கி நின்று எறிந்தால், கோடையிலும் தென்மேற்குப் பருவத்திலும் உங்கள் நரம்பு இடக்கைப் பக்கம் இழுபடும். மழைக்காலத்தில் வலக்கைப் பக்கம். இதை ஓதம் செய்வதில்லை. மார்ச்சிலிருந்து செப்டம்பர் வாக்கில் வரை தெற்கிலிருந்து சாய்வாக வரும் அலை தண்ணீரையும் மணலையும் வடக்கே தள்ளுகிறது; வடகிழக்குப் பருவத்தில் திசை திரும்புகிறது. ஆண்டுக் கணக்கில் வடக்கு நோக்கியதுதான் ஓங்கி நிற்கும். 1870களில் துறைமுகச் சுவர் கட்டத் தொடங்கியபின் அந்த மணல் தெற்கே தேங்கித்தான் மெரினா இவ்வளவு அகலமானது; துறைமுகத்துக்கு வடக்கே ராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கம் கரை கரைந்ததும் அதனால்தான். வடசென்னைக் கரையைக் காக்கக் கடலுக்குள் நீளமாகப் போட்ட கல்தடுப்புகளான தூண்டில் வளைவுகள் இப்போது தூண்டில்காரர்களின் இருக்கையாகவும் ஆகிவிட்டன; பெயர்ப் பொருத்தம் தற்செயல்தான்.

தூண்டில் வளைவின் கல்லில் ஏறினால் ஓட்டம் எந்தப் பக்கமிருந்து வந்து மோதுகிறது என்று பாருங்கள். தண்ணீர் வடக்கே போகும் காலத்தில் கல்லின் முனையைச் சுற்றி வந்து வடபுறத்தில் மெதுவாகச் சுழலும். வேகமான தண்ணீரும் மந்தமான தண்ணீரும் உரசும் அந்தக் கோடு நீர்ப்பரப்பில் எண்ணெய் தேய்த்ததுபோலத் தெரியும். இரை விழ வேண்டிய இடம் அது. சீலாவும் பாறையும் வேகமான பக்கத்தில் பாயும். கலவா கல்லிடுக்கில் மந்தமான பக்கத்தில் இருக்கும். கல் பாசி பிடித்து வழுக்கும். ஏற்றத்தில் முதல் வரிசைக் கல்லில் நிற்பவர்களை எதிர்பாராத ஓர் அலை அடித்துவிடும்.

நண்பகலை ஒட்டிக் கடற்காற்று எழுந்ததும் திறந்த கரையில் மேல்தண்ணீர் கலங்கி, இழுப்பு கூடி, ஈயம் தரையில் நிற்க மறுக்கும். மதியத்தில் கழிக்குள் போய்விடுவது நல்லது. கலங்கல் எப்போதும் கெடுதல் என்று எண்ண வேண்டாம். காலா மீசைபோன்ற இழைகளால் தடவி இரை தேடும் மீன். லேசான கலங்கல் அதற்கு வசதி. மழைநீர் கொண்டுவரும் செம்மண் கலங்கலில் கெளுத்தி மட்டும் மிஞ்சும். அதன் முள் கையில் ஏறினால் அன்றைய மீன்பிடிப்பு முடிந்தது; துணியால் பிடித்துக் கழற்றுங்கள்.

நவம்பரை ஒட்டி நம் கரையில் கடல்மட்டமே மற்ற மாதங்களைவிட உயர்ந்து நிற்கும். அதோடு ஒரு காற்றழுத்தத் தாழ்வு சேர்ந்தால், அழுத்தம் ஒரு மில்லிபார் குறைய மட்டம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் உயரும். காற்று தள்ளுவது தனி. அட்டவணையில் வற்றம் என்று போட்டிருக்கும் நேரத்தில் மணல்திட்டு மூழ்கிக் கிடக்கலாம்.

இதை நான் முட்டுக்காட்டில் கற்றேன். ஒரு கார்த்திகை மாதக் காலையில், அட்டவணைப்படி இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது என்ற நம்பிக்கையில் வாய்க்கு நடுவே இருந்த திட்டுக்கு முழங்கால் தண்ணீரில் நடந்து போனேன். கிழங்கான் அடித்துக்கொண்டே இருந்ததால் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பியபோது நான் வந்த வழி இடுப்பளவு ஆழத்தில், பழுப்பு நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. வலை வீச வந்த ஒருவர் கைகாட்டிய மேட்டின் வழியே கரை சேர்ந்தேன். பையும், பையிலிருந்த செருப்பும், கைப்பேசியும் வங்கக்கடலுக்குப் போயின. அதிலிருந்து ஒரு பழக்கம்: திட்டுக்குப் போனால் கரைப்பக்கம் ஒரு குச்சியை நட்டு, அதில் தண்ணீர் நிற்கும் மட்டத்தில் துணி கட்டிவிடுவேன். துணி நனைந்தால் மீன் அடித்தாலும் கிளம்பிவிடுவேன். கிளம்புவதற்கு முதல்நாள் ஐதராபாத்தில் உள்ள இந்திய தேசிய பெருங்கடல் தகவல் சேவை மையம் வெளியிடும் அலை முன்னறிவிப்பையும் பார்த்துவிடுவேன். எங்கோ தொலைவில் எழுந்த நீண்ட அலைகள் காற்றே இல்லாத நாளிலும் வந்து கரையேறும். வானத்தைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது.

ஓட்டத்துக்கு ஏற்ற ஈயம்

கடலைத்தோலுக்கு ஒரு கணக்கும் உண்டு. கரையில் பத்து மீட்டர் அளந்து இரண்டு கோடு போட்டு, தோல் முதல் கோட்டிலிருந்து இரண்டாவது கோட்டுக்குப் போகும் விநாடிகளை எண்ணுங்கள். நாற்பதுக்கு மேல் என்றால் 20 முதல் 30 கிராம் ஈயம் போதும். மீன் எச்சரிக்கையாக இருக்கும் என்பதால் நரம்பும் மெலிதாக இருக்கட்டும். இருபது விநாடி என்றால் 60 முதல் 80 கிராம். நான் விரும்பும் வேகம் இது. பத்து விநாடிக்குள் போய்விட்டால் தரையில் இரையை நிறுத்தப் போராட வேண்டாம். தூண், கல், கரையின் வளைவு என்று ஓட்டம் மறைபடும் இடத்துக்கு மாறுங்கள், அல்லது வேகம் குறையும்வரை பொறுங்கள். எண்ணவே தேவையில்லாமல் தோல் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தால் முள்ளைக் கூராக்குங்கள், முடிச்சைச் சரிபாருங்கள், நரம்பில் உரசல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

கனமான ஈயத்தை இறுக்கிப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவது நம் ஆட்களிடம் அதிகம். ஈயம் ஓட்டத்தில் மெதுவாக உருண்டு, நின்று, மீண்டும் உருள வேண்டும். கோலின் நுனியில் அந்த உருளல் 'டக், டக்' என்று தெரியும். அது நின்று ஓர் இழுப்பு வந்தால் மீன், நின்று இழுப்பு வராவிட்டால் கல் அல்லது அறுந்த வலை.

அறுந்த நரம்பைச் சுருட்டிப் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்து வாருங்கள். ஜனவரியிலிருந்து மார்ச், ஏப்ரல்வரை இதே கரைக்குத்தான் இரவில் பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறுகின்றன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த நாட்களில் கரையில் இரை வாங்குவதே பாடாகிவிடும். வீச்சு வலை வீசத் தெரிந்த நண்பர் ஒருவரைச் சம்பாதித்துக்கொள்ளுங்கள். வாயில் ஏறும் தண்ணீரின் முதல் மணியில் இரண்டு வீச்சு போதும், அன்றைக்கான மடவைக்குஞ்சு கிடைத்துவிடும்.

முதல்முறை போகிறவருக்கு என் யோசனை: அடுத்த பௌர்ணமியைக் காலண்டரில் வட்டமிட்டு, அதற்கு மறுநாள் மதியம் மூன்றரைக்கே நீலாங்கரைக்குப் போங்கள். தண்ணீர் வற்றிக் கிடக்கும். நடந்து பள்ளத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்தே முக்கால்வரை கோலைப் பிரிக்க வேண்டாம். கையில் நூறு கிராம் வேர்க்கடலை இருக்கட்டும், தோலோடு.